சொப்பனம் கேட்ட கேள்வி

பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்ற சொல் கனவு. ஆலயத்தில் கேட்டு வளர்ந்த சொல் சொப்பனம். இரண்டும் ஒன்றே என்பதைச் சிறு பிராயத்தில் எங்களால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. கனவு என்பது கணக்குத் தேர்வுக்கு முந்தைய இரவில் வந்து அலைக்கழிப்பது. சொப்பனம் என்பதோ யாக்கோபுக்கும் யோசேப்புக்கும் பார்வோனுக்கும் வருவது. ஏணியும் தேவதூதரும் கதிர்க்கட்டுகளும் கொழுத்த பசுக்களும் அதில் தோன்றும். எங்களுக்கு வருபவை வெறும் கனவுகளே என்றும், சொப்பனம் காண வேண்டுமானால் வேதாகமக் காலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றும் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணம் எங்கள் வாழ்வில் இரண்டு முறை உடைந்தது. முதல் முறை அது எங்கள் வீட்டுக்குப் பெரும் துயரத்தைக் கொண்டுவந்தது. இரண்டாம் முறை, அத்துயரத்தின் நடுவே ஒரு வழியைக் காட்டிற்று. உடன்பிறந்தோராகிய நாங்கள் மூவரும் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். ஒரு கிறிஸ்தவனின் ஆவிக்குரிய வாழ்வில், உறக்கத்தில் வரும் கனவுக்கு இடம் உண்டா, உண்டெனில் அது எத்தகைய இடம் என்பதே எங்கள் கேள்வி.

கனவைப் பொருட்படுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனாவைத் தேவந்தியிடம் சொல்லும் பகுதிக்குக் 'கனாத்திறம் உரைத்த காதை' என்றே பெயர். திருக்குறளின் காமத்துப்பாலில் 'கனவுநிலை உரைத்தல்' என ஓர் அதிகாரமே உண்டு. விடியற்காலத்துக் கனவு பலிக்கும் என்பது எங்கள் ஆச்சியின் உறுதியான நம்பிக்கை. 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், உறக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதை ஆராய்ந்து வெளியிட்டனர். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இக்கட்டத்தில் எழுப்பப்படுவோர் பெரும்பாலும் தெளிவான கனவொன்றைச் சொல்வார்கள். இரவு செல்லச் செல்ல இக்கட்டம் நீள்கிறது. எனவே விடியலை ஒட்டிய கனவே நெடியதாகவும் நினைவில் தங்குவதாகவும் அமைகிறது. கனவு பலிக்கும் என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும் ஆச்சி விடியற்காலத்தைத் தனித்துச் சொன்னது காரணமின்றி அன்று என்பது விளங்குகிறது. கனவு எவ்வாறு உண்டாகிறது என்று அறிவியல் சொல்லட்டும். அதைக் கண்டு எழுந்தவன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வேதாகமமும் இக்கேள்விக்கு ஒரே குரலில் விடை சொல்வதில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் மட்டும் ஐந்து சொப்பனங்கள் வருகின்றன. நான்கு யோசேப்புக்கு, ஒன்று சாஸ்திரிகளுக்கு. மனிதர் அயர்ந்து நித்திரை செய்கையில் தேவன் அவர்களுடைய செவியைத் திறக்கிறார் என்று யோபின் புத்தகத்தில் எலிகூ பேசுகிறான். மறுபுறமோ, சொப்பனக்காரன் சொன்ன அடையாளம் நடந்தேறினாலும் அவன் வேறு தேவர்களிடம் அழைத்தால் செவிகொடாதே என்று உபாகமம் எச்சரிக்கிறது. சொப்பனங்களைச் சொல்லி ஜனங்களை மயக்கும் தீர்க்கதரிசிகளை எரேமியா கடிந்துகொள்கிறார். தொல்லையின் மிகுதியால் சொப்பனம் பிறக்கிறது என்று பிரசங்கி கூறிவிடுகிறார். இந்த இரண்டு குரல்களையும் நாங்கள் சிறு வயது முதலே கேட்டிருக்கிறோம். ஆனால் அவற்றுள் எதையும் உண்மையாகக் கவனித்ததில்லை என்பது 2009-இல்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவ்வாண்டு அம்மாவுக்கு வயது 58. அப்பா அதற்கு முன்பே தவறியிருந்தார். அம்மாவின் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. வலி இல்லை. வலியில்லை என்பதனாலேயே நாங்கள் ஆறுதல் கொண்டோம். அது ஆறுதலுக்குரிய அடையாளம் அன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். ஊசியின் மூலம் சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, நாளும் குறித்துக் கொடுத்தார்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, பெண்களின் ஜெபக்கூட்டத்தில், அம்மாவைவிட மூத்த ஒருவர் தாம் கண்ட சொப்பனத்தைச் சொன்னார். அம்மா அவரை அக்கா என்று அழைப்பதால் எங்களுக்கு அவர் பெரியம்மா. இரத்த உறவு இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக வாழ்ந்த கைம்பெண். எங்கள் மூவரின் பிறப்பின்போதும் அம்மாவுக்குப் பத்தியச் சமையல் செய்து கொடுத்தவர். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மா வெள்ளை உடுத்தி நிற்பதாகவும், நோயின் சுவடே இல்லாமல் சிரிப்பதாகவும் கண்டாராம். கர்த்தர் சுகத்தைக் காண்பித்துவிட்டார், இனி ஆஸ்பத்திரி எதற்கு என்றார். கூடியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா மருத்துவர் குறித்த நாளில் போகவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? எங்களில் மூத்தவள், அம்மாவின் விசுவாசத்தைக் குலைக்கக் கூடாது என்றாள். இரண்டாமவன் சென்னையில் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தான். அறுவை சிகிச்சைக்கு ஆகக்கூடிய தொகையைக் கணக்கிட்டுப் பார்த்துக் கலங்கியிருந்தவனுக்கு, அது தேவைப்படாது என்ற செய்தி இனித்தது. இளையவளுக்குக் கல்லூரித் தேர்வு. ஒருவரும் மறுக்கவில்லை. ஐந்து மாதங்கள் கடந்தன. மார்பின் தோல் சுருங்கிச் சிவந்த பிறகே மருத்துவமனைக்கு ஓடினோம். அறுவை சிகிச்சையும் மருந்தும் கதிர்வீச்சும் நடந்தன. 2011 ஆகஸ்டில் அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

ஐந்து மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டோம். அதை உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது, ஆனால் வந்திருக்க வேண்டும் என்றார் அவர். அந்த விடையை வைத்துக்கொண்டு எங்களால் உறங்க முடியவில்லை. யார்மீதேனும் பாரத்தை இறக்க வேண்டியிருந்தது, பெரியம்மாவின்மீது இறக்கினோம். அடக்க நாளன்று மாலைவரை அம்மாவின் காலடியிலேயே அமர்ந்திருந்த அவரிடம் நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் சபையின் திருவிருந்து ஆராதனையில், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. அவருடைய கை எங்கள் வரிசைக்கு எட்டாத இடமாகப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டோம்.

படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கோபம் வந்தால் அதற்கும் புத்தகத்தைத்தான் தேடுவார்கள். கனவுக்கு எதிராகக் கிடைத்த சான்றுகளையெல்லாம் ஒரு வழக்கறிஞரைப்போல் திரட்டினோம். உபாகமம், எரேமியா, பிரசங்கி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டோம். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையில் துறவியாக வாழ்ந்த யோவான் கிளிமாக்குஸ், கனவை நம்புகிறவனைத் தன் நிழலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு ஒப்பிட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். அந்தத் தேடலில்தான் ஜெரோமும் மோனிக்காவும் எதிர்ப்பட்டார்கள். அவர்கள் எங்கள் வழக்குக்கு உதவவில்லை.

ஜெரோமின் கதை இலக்கியம் விரும்பும் எவரையும் சுடக்கூடியது. வீட்டையும் உறவையும் துறந்து கிழக்கே சென்ற அவரால், ரோமையில் அரிதிற் சேர்த்த நூல்களைத் துறக்க முடியவில்லை. உபவாசம் இருப்பார், பின்னர் சிசரோவைப் படிப்பார்; பாவங்களை நினைத்து அழுவார், பின்னர் பிளாட்டஸின் நாடகத்தைக் கையில் எடுப்பார். தீர்க்கதரிசிகளின் நடை அவருக்குக் கரடுமுரடாகத் தோன்றிற்று. லெந்து காலத்தின் நடுவே கடும் காய்ச்சலில் விழுந்து, அடக்கத்துக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த நிலையில், நியாயாசனத்தின் முன் தாம் நிறுத்தப்படுவதாகக் கண்டார். நீ யார் என்று கேட்கப்பட்டபோது கிறிஸ்தவன் என்றார். அது பொய், நீ சிசரோவைச் சேர்ந்தவன் என்று தீர்ப்பு வந்தது, அடிகளும் விழுந்தன. இனி உலகியல் நூல்களைத் தொடேன் என்று கனவிலேயே ஆணையிட்டார். இதனை 384-இல் யூஸ்தோக்கியம் என்னும் இளம்பெண்ணுக்கு வரைந்த நெடிய மடலில் அவரே எழுதியிருக்கிறார். அதன்பின் மனிதரின் நூல்களை முன்பு படித்ததைவிட மிகுந்த ஆர்வத்துடன் தேவனுடைய நூல்களைப் படித்ததாகவும் சொல்கிறார். எபிரேய வேதத்தை இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர் அவரே.

கதை அத்துடன் முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒருகாலத்தில் நண்பராயிருந்த ரூஃபினுஸ், ஆணையை மீறிப் பழைய நூல்களை எடுத்தாள்கிறாயே என்று ஜெரோமைக் குற்றஞ்சாட்டினார். அப்போது ஜெரோம், கனவில் செய்த வாக்குறுதியைக் காட்டி என்னைக் கட்டுவதா, கனவை நம்பலாகாது என்று தீர்க்கதரிசிகளே சொல்லவில்லையா என்று பதிலிறுத்தார். முதலில் படித்தபோது சிரித்தோம். தமக்கு வசதியானபோது கனவு, வசதியற்றபோது தீர்க்கதரிசி என்று எண்ணினோம். பிறகு சிரிப்பு நின்றது. ஐந்து மாதங்கள் நாங்கள் செய்ததும், இப்போது செய்துகொண்டிருப்பதும் வேறென்ன? பெரியம்மாவின் சொப்பனம் எங்கள் பயத்துக்கும் பணக் கவலைக்கும் வசதியாயிருந்தவரை அது கர்த்தர் காட்டியது. வசதி போனபின் அது பொய்ச் சொப்பனம்.

மோனிக்காவின் கனவுகளை அவருடைய மகன் அகஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலில் பதிந்திருக்கிறார். வழிதவறிய மகனுக்காக அழுதுகொண்டிருந்த மோனிக்கா, தாம் ஒரு மர அளவுகோலின்மீது நிற்பதாகவும், ஒளிமிக்க இளைஞன் ஒருவன் வந்து, நீ நிற்கும் இடத்தில் அவனும் நிற்கிறான் பார் என்று தேற்றுவதாகவும் கண்டார். நீயும் என் கொள்கைக்கு வருவாய் என்பதே அதன் பொருள் என்று மகன் திரித்துச் சொன்னபோது, தாய் சற்றும் தயங்காமல் மறுத்தார்: அவன் இருக்கும் இடத்தில் நீ என்று சொல்லப்படவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் என்றே சொல்லப்பட்டது. அதற்குப்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். 387-இல் மிலானில் அம்புரோசின் கையால் அகஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார்.

இந்தக் கனவைப் பலரும் அறிவர். அதே நூலில் சற்றுப் பின்னால் வரும் மற்றொரு செய்தியே எங்களைப் பிடித்து நிறுத்தியது. மகனின் திருமணத்தைக் குறித்துத் தேவன் ஏதேனும் காட்டவேண்டும் என்று மோனிக்கா வேண்டிக்கொண்டார். கனவுகள் வரத்தான் செய்தன. ஆனால் அவை தம் மனத்தின் அலைச்சலால் பிறந்தவை என்று அவரே ஒதுக்கிவிட்டார். தேவன் காட்டுவதற்கும் தம் உள்ளம் காண்பதற்கும் இடையே, சொல்லில் அடங்காத ஒரு சுவை வேறுபாட்டை உணர்வதாக மகனிடம் சொல்லியிருக்கிறார். கனவு காண்பது பெரிதன்று. தான் கண்ட கனவையே சுவைத்துப் பார்த்து, இது என் ஆசை என்று தள்ளிவிடத் தெரிவது பெரிது. இதையும் நாங்கள் பெரியம்மாவுக்கு எதிராகவே குறித்துவைத்தோம்.

2012-ஆம் ஆண்டு லெந்து நாட்கள். ஒரு விடியற்காலையில் எங்களில் மூத்தவள் அம்மாவைக் கனவில் கண்டாள். வெள்ளுடை இல்லை, ஒளி இல்லை. பழைய நீலச் சேலையுடன் அடுக்களை வாசலில் அமர்ந்து, முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பாராமலே கேட்டார்: "அக்கா சாப்பிட்டாச்சான்னு கேட்டியா?"

அவ்வளவுதான். அம்மா உயிருடன் இருந்தபோது ஒவ்வொரு மாலையும் கேட்ட கேள்வி அது. பெரியம்மாவுக்கு இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அம்மா படுக்கையில் விழுந்தபின் அது நின்றது. நின்றதை நாங்கள் கவனிக்கவே இல்லை. பின்னர் கவனிக்க விரும்பவில்லை.

மூத்தவள் அன்று காலையே மற்ற இருவரிடமும் சொன்னாள். எங்களுக்கு வெட்கமாயிருந்தது. கனவுக்கு எதிராக இத்தனை சான்றுகளைச் சேர்த்தவர்கள், ஒரு கனவைக் காட்டி என்ன செய்ய முடியும்? இது வெறும் நினைவுதான், தபசு நாட்களில் மனம் இளகிக் கிடப்பதால் வந்தது என்றான் இரண்டாமவன். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டோம். நினைவின் வழியாகப் பேசத் தேவனுக்குத் தடையுண்டா என்று இளையவள் கேட்டாள். அதற்கு எங்களிடம் விடை இல்லை. ஆகவே அதனைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம்.

மத்தேயுவில் வரும் யோசேப்பின் நான்கு சொப்பனங்களையும் எடுத்து வைத்துக்கொண்டோம். ஒன்றேனும் அவருக்குச் சுகத்தை வாக்களிக்கவில்லை. மரியாளைச் சேர்த்துக்கொள், எழுந்து எகிப்துக்கு ஓடு, திரும்பி வா, கலிலேயாவுக்கு விலகிப்போ என்று ஒவ்வொன்றும் அவர் தோளில் ஒரு சுமையை ஏற்றுகிறது. அயலார் என்ன செய்யவேண்டும் என்று அவற்றுள் எதுவும் சொல்லவில்லை. அவரும் அவற்றைக் கூட்டத்தில் அறிவிக்கவில்லை, எழுந்து போனார். எங்கள் வீட்டுக் கனவும் கண்டவளுக்கே பேசிற்று. எங்கள் ஆசைக்கு அது இனிக்கவில்லை, கசந்தது. அது புதிதாக எதையும் கட்டளையிடவுமில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்பதை மலைப்பிரசங்கத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். விழித்திருக்கையில் கேட்க மறுத்ததை உறக்கத்தில் கேட்க நேர்ந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தையும் அன்று பார்த்தோம். மக்கெதோனியன் ஒருவன் உதவிக்கு அழைப்பதை இரவில் காண்பவர் பவுல் ஒருவரே. அடுத்த வசனத்தில், புறப்பட வேண்டும் என்று நிச்சயித்துக்கொள்பவர்களோ நாங்கள். அந்நூலில் எழுதியவர் தம்மையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் என்று பேசத் தொடங்குவது அவ்விடத்தில்தான். காண்பது ஒருவராயினும் தீர்மானிப்பது பலர் என்பது எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து இரண்டாமவன் வந்து சேர்ந்தான். மாலையில் தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் முருங்கைக்கீரைத் துவட்டலும் எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். பெரியம்மா கதவைத் திறந்தார். மிகவும் மெலிந்திருந்தார். எங்களைப் பார்க்காமல் தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அமர்ந்தபின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே தொடங்கினார். "நான் கண்டது பொய் இல்லம்மா. ஆனா, காட்டினது கர்த்தரா, என் ஆசையான்னு நான் கேட்டுப் பார்க்கவே இல்ல. அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கான்னு பயந்துகிட்டேதான் அன்னைக்குப் படுத்தேன்."

அகஸ்தீனின் பெயரையும் கேட்டிராத அவர், மோனிக்கா சொன்ன சுவையைத்தான் சொன்னார். கண்ட மறுநாளே அதைச் சுவைத்துப் பார்க்கத் தவறியதற்காக ஒன்றரை ஆண்டுக்கு மேலாகத் தம்மைத்தாமே தண்டித்துக்கொண்டிருந்தார். எங்கள் கோபம் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. "எங்களுக்கும் அது வசதியாத்தான் இருந்தது, பெரியம்மா. நாங்களும் கேட்டுப் பார்க்கல" என்றாள் மூத்தவள். அதைச் சொல்ல எங்களுக்கு அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

எல்லாம் ஒரே நாளில் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இரண்டாமவனின் மனத்தாங்கல் தீரப் பின்னும் பல மாதங்கள் சென்றன. ஆனால் மறுநாள் ஆராதனையில் பெரியம்மாவுக்குப் பின்வரிசையில் அமர்ந்தோம்; சமாதானம் பகிரும் வேளையில் அவர் திரும்பினார். அன்று முதல் அவருடைய கடைசி நாள்வரை, 2018 வரை, மாலைச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது.

இப்போது எங்களிடம் யாரேனும் சொப்பனத்தைப் பற்றிக் கேட்டால், அது வெறும் மூளையின் அசைவு என்று தள்ளுவதுமில்லை, கர்த்தரின் ஆணை என்று தலைமேல் வைப்பதுமில்லை. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்கச் சொல்கிறோம். பிறர் வாழ்வைத் தீர்மானிக்க வந்த கனவென்றால், கண்டவர் அதைத் தம் ஜெபத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. நாம் ஆசைப்பட்டதையே அது தருகிறதா என்று பார்க்க வேண்டும். தருகிறது எனில் ஒருமுறைக்கு இருமுறை சுவைத்துப் பார்க்க வேண்டும். சுவிசேஷம் ஏற்கெனவே கேட்டதையே அது கேட்கிறது எனில், கனவு மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சிக்குக் காத்திராமல் எழுந்து செய்துவிடலாம். அதனால் யாருக்கும் தீங்கு நேராது. நோயைக் குறித்து எத்தகைய சொப்பனம் வந்தாலும் மருத்துவர் குறித்த நாளில் போய்விட வேண்டும். எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்ட பின்னரும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டும்படி ஏசாயா சொல்லத்தான் செய்தார்.

அம்மா அதன்பின் எங்களில் எவருடைய கனவிலும் அவ்வாறு வந்ததில்லை. பெரியம்மாவின் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அதே தெருவின் கோடியில், பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட முதியவர் ஒருவர் தனியாக வாழ்கிறார். மாலையில் அடுப்பை அணைக்கும்முன், அவர் சாப்பிட்டாயிற்றா என்று எங்கள் வீட்டில் யாரேனும் ஒருவர் கேட்டுவிடுகிறோம்.